ஆஸ்பத்திரியில் என்ன மாறியது? – வாசகர் கேள்வி, டாக்டர் பதில்

போன இதழில் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது போகிறபோக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். பெரிய ஆஸ்பத்திரிகள் சுற்றுவட்டாரக் குடும்ப மருத்துவர்களுக்கு அனுப்பும் சேவை அறிவிப்புகள் பல, பிரிக்கப்படாமலே குப்பைக் கூடைக்குப் போகின்றன என்று. அவ்வளவுதான், கடிதங்கள் குவிந்துவிட்டன. அனுப்புகிறவர்களுக்குக் கோபம், வாங்குகிறவர்கள் கைதட்டுகிறார்கள், நடுவில் மாட்டிக்கொண்ட நோயாளிகளின் வீட்டார் அழாத குறையாக எழுதியிருக்கிறார்கள். சரி, முழங்கால் வலியும் தலைச்சுற்றலும் அடுத்த இதழ்வரை காத்திருக்கட்டும்.

கேள்வி: டாக்டர், நான் ஓர் ஆஸ்பத்திரியின் மக்கள் தொடர்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மாதாமாதம் வழவழ தாளில் செய்திமடல் அச்சடித்து எல்லா கிளினிக்குகளுக்கும் அனுப்புகிறோம். குப்பைக் கூடை என்று படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. அப்படியென்றால் என்னதான் எழுதி அனுப்புவது?

பதில்: கஷ்டப்படுத்தியதற்கு மன்னியுங்கள், ஆனால் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை. உங்கள் மடலை நான் எப்போது பிரிக்கிறேன் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு நோயாளி எழுந்து போய் அடுத்தவர் வந்து உட்காருவதற்குள் கிடைக்கும் அரை நிமிஷத்தில். அந்த அரை நிமிஷத்தில் முதல் பக்கம் ரிப்பன் வெட்டும் படம், இரண்டாம் பக்கம் இயக்குநரின் வாழ்த்துரை, மூன்றாம் பக்கத்தில் 'நரம்பியல் பிரிவு புதுப்பொலிவுடன்' என்று ஒரு தலைப்பு. புதுப்பொலிவு என்றால் என்ன? சுவருக்குப் பெயின்ட் அடித்தீர்களா, டாக்டர் ஒருவர் கூடுதலாக வந்தாரா, புது மெஷின் வந்ததா? எனக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ள நேரமும் இல்லை.

பக்கவாதத்தையே எடுத்துக்கொள்வோம். மூளையின் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி அடைத்திருந்தால் அதைக் கரைக்கும் ஊசியை, பொதுவாக அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். பெரிய குழாய் அடைத்திருந்தால், கம்பி விட்டுக் கட்டியை வெளியே இழுக்கும் சிகிச்சை இருக்கிறது. முதலில் அதற்கு 6 மணி நேரம்தான் கெடு என்று இருந்தது. 2018-ல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளுக்குப் பிறகு, ஸ்கேனில் காப்பாற்றக்கூடிய மூளைப் பகுதி மிச்சமிருக்கிறது என்று தெரிகிற சிலருக்கு 24 மணி நேரம்வரைகூடச் செய்கிறார்கள். இந்த இரண்டாவது வசதி எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடையாது, இருக்கிற இடத்திலும் ராத்திரியில் இருக்கும் என்று சொல்ல முடியாது. இப்போது என் முன்னால் வாய் கோணி, ஒரு கை தொங்கியபடி ஒருவரை அழைத்து வந்து நிறுத்துகிறார்கள். எனக்குத் தேவை ஒரே ஒரு வரி: 'வரும் திங்கள் முதல் கட்டியை இழுத்தெடுக்கும் சிகிச்சை இங்கே இரவு பகல் எந்நேரமும் உண்டு, நோயாளியை ஏற்றும் முன் இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள், கடைசியாக நன்றாக இருந்ததைப் பார்த்தது எத்தனை மணிக்கு என்று கேட்டு வையுங்கள்.' தூங்கி எழுந்தபோதே கை வரவில்லை என்றால் எழுந்த நேரம் கணக்கில்லை, நன்றாக இருந்ததை யாராவது கடைசியாகப் பார்த்த நேரம்தான் கணக்கு. அந்த ஒரு வரிக்காக உங்கள் மடலை வெட்டி மேஜையில் ஒட்டி வைப்பேன்.

ஆக, ஒரு சேவையைப் பற்றி எழுதும்போது நாளைக் காலை அந்த நோயாளி என் முன்னால் உட்கார்ந்தால் நான் நேற்றிலிருந்து மாற்றிச் செய்ய வேண்டியது என்ன என்பதை எழுதுங்கள். யாரை அனுப்பலாம், யாரை அனுப்ப வேண்டாம் (இதைப் பலரும் மரியாதைக் குறைவு என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதுதான் ரொம்ப முக்கியம்), சாதாரண கேஸ் என்றால் எத்தனை வாரம் காத்திருக்க வேண்டும், அதற்கிடையில் நான் என்ன செய்து வைக்கலாம். சாயம் ஏற்றி எடுக்கும் சி.டி. ஸ்கேன் என்றால் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) எத்தனை நாளுக்குள் பார்த்ததாக இருக்க வேண்டும், சிறுநீரகம் பலவீனமானவர் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிட்டால் எப்போது நிறுத்தச் சொல்வது, எம்.ஆர்.ஐ. என்றால் பேஸ்மேக்கர் வைத்தவரை எடுப்பீர்களா. இதெல்லாம் தெரியாமல் அனுப்பினால் நோயாளி அங்கே போய் நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு, 'இன்னொரு நாள் வாங்க' என்று கேட்டுக்கொண்டு திரும்பி வருவார். திட்டு எனக்குத்தான்.

வழவழ தாள் வேண்டாம், அரைப் பக்கம் போதும். ரிப்பன் படத்தை உங்கள் வரவேற்பறையில் மாட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: கிளினிக் தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது டாக்டர். எங்கள் பகுதி ஆஸ்பத்திரி லேப் ஒருநாள் திடீரென்று ரிப்போர்ட் வடிவத்தை மாற்றிவிட்டது. என் நோயாளி ஒருவருக்குச் சிறுநீரகச் செயல்பாடு போன தடவை 57, இந்தத் தடவை 61. கிரியாட்டினின் அப்படியே இருக்கிறது. அவருக்கு ஒரே சந்தோஷம், எனக்கு ஒரே குழப்பம்.

பதில்: அவர் சந்தோஷத்தை நான் கெடுக்கிறேன் என்று நினைக்காதீர்கள். சிறுநீரகம் மாறியிருக்க வாய்ப்பு குறைவு, கணக்குதான் மாறியிருக்கும். அந்த 57, 61 எல்லாம் இ.ஜி.எஃப்.ஆர். என்ற எண், அது நேராக அளக்கிற எண் இல்லை. கிரியாட்டினின், வயது, ஆணா பெண்ணா என்பதை வைத்து ஒரு சூத்திரத்தில் போட்டு எடுப்பது. 2009-ல் வந்த சூத்திரத்தில் நோயாளியின் இனமும் ஒரு காரணியாக இருந்தது. அது சரியில்லை என்று பெரிய வாதம் நடந்து, 2021-ல் இனத்தை எடுத்துவிட்டுப் புதுச் சூத்திரம் கொண்டுவந்தார்கள். இது பலருக்குப் பழையதைவிடச் சில புள்ளிகள் கூடுதலாகக் காட்டும். 60-க்குக் கீழே போனால் சிறுநீரக நோயா என்று பார்ப்போம், அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர் ஒரே ராத்திரியில் கோட்டைத் தாண்டிவிடுவார், உடம்பில் ஒன்றும் நடக்காமலே. லேபைக் கூப்பிட்டு எந்தச் சூத்திரம், எந்தத் தேதியிலிருந்து என்று கேளுங்கள். பழைய கிரியாட்டினினைப் புதுக் கணக்கில் போட்டுப் பார்த்தால்தான் இரண்டையும் ஒப்பிட முடியும். சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்றும் பாருங்கள். கசிவு இருந்தால் 61 வந்ததற்காக அவரைச் சிறுநீரக நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட முடியாது.

லேப் மாற்றங்கள்தான் சத்தமில்லாமல் ஆளைக் கவிழ்ப்பவை, அதனால் இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். மாரடைப்புக்குப் பார்க்கும் ட்ரோபோனினைப் பழைய அலகில் 0.04 என்று பார்த்துப் பழகியவர்களுக்கு, அலகு மாறினால் அதே அளவு 40 என்று வரும். நானோகிராமைத் தசமத்தில் மில்லிலிட்டருக்குச் சொல்வதும், முழு எண்ணில் லிட்டருக்குச் சொல்வதும்தான் வித்தியாசம். அதோடு அதிநுட்ப ட்ரோபோனின் என்ற புது முறைக்கு மாறியிருந்தால், எதற்கு மேல் போனால் கவலைப்பட வேண்டும் என்பதும் மாறிவிடும். உடம்பில் ரத்தக்கட்டி இருக்குமா என்று பார்க்கும் டி-டைமர் இன்னும் மோசம். அதில் எஃப்.இ.யு., டி.டி.யு. என்று இரண்டு அலகுகள் புழக்கத்தில் இருக்கின்றன, முதலாவது கிட்டத்தட்ட இரண்டாவதைப் போல இரண்டு மடங்கு. எஃப்.இ.யு.-வில் 500 என்பது டி.டி.யு.-வில் சுமார் 250. அலகைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்தால், காலில் ரத்தக்கட்டி இருப்பவரைத் தைரியமாக வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். சர்க்கரையின் மூன்று மாத சராசரி 6.5 சதவீதம் என்பது புது அலகில் 48, அதைப் பார்த்துப் பதறிய ஒரு ஜூனியரை எனக்குத் தெரியும்.

லேப்காரர்களே, நீங்களும் இதைப் படித்தால்: மாற்றுவதற்கு முன்னாடியே ஒரு கடிதம், மாற்றிய பிறகு கொஞ்ச நாளைக்காவது ரிப்போர்ட்டிலேயே பழைய அலகும் புது அலகும் பக்கத்துப் பக்கத்தில். இதைக் கேட்பது பேராசையா?

கேள்வி: அப்பா 9 நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் கூட்டிப்போனால், 'எனக்கு அங்கேயிருந்து ஒரு தகவலும் வரலைம்மா' என்கிறார். ஆஸ்பத்திரியில் கேட்டால் 'அனுப்பிட்டோமே' என்கிறார்கள். யார் சொல்வது உண்மை?

பதில்: இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம் என்பதுதான் இதில் கொடுமை. அனுப்பியிருப்பார்கள், வேறு கிளினிக்குக்கோ, யாரும் திறக்காத ஒரு மின்னஞ்சலுக்கோ. இது உங்கள் அப்பாவுக்கு மட்டும் நடப்பதில்லை. இதைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி 2007-ல் ஒரு அமெரிக்க மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். டிஸ்சார்ஜ் ஆனவர் முதல் தடவை குடும்ப மருத்துவரிடம் போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரி அவர் கைக்கு வந்திருந்தது 12 முதல் 34 சதவீதம் பேருக்குத்தான். அதே நாட்டில் 2005-ல் வந்த இன்னொரு ஆய்வில், வீட்டுக்குப் போன நோயாளிகளில் 41 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு பரிசோதனை முடிவு அப்போது இன்னும் வரவில்லை. அது பிறகு வந்து சேர்ந்தபோது யார் பார்த்தார்கள் என்பது தனிக் கதை.

அதனால் இப்போதைக்குத் தபால்காரர் வேலையை நீங்களே செய்ய வேண்டியிருக்கிறது. வார்டை விட்டுக் கிளம்பும் முன் ட்யூட்டி டாக்டரைப் பிடித்து நிறுத்துங்கள். பழைய மாத்திரையில் எதை நிறுத்தினீர்கள், எதைப் புதிதாகச் சேர்த்தீர்கள், அது எத்தனை நாளைக்கு என்று கேளுங்கள். மூன்றாவதை யாரும் கேட்பதில்லை. வயிற்றுப் புண் வராமலிருக்க வார்டில் இருந்தவரைக்கும் என்று கொடுத்த மாத்திரையை ஐந்து வருடமாக விழுங்கிக்கொண்டிருப்பவர்கள் என் கிளினிக்கில் உண்டு. மறுபக்கம், இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவர் ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் இரண்டு மாத்திரையில் ஒன்றை, சொன்ன காலத்துக்கு முன்பே 'நல்லாத்தானே இருக்கேன்' என்று விட்டுவிட்டால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளக்கூடும். அப்புறம், வர வேண்டிய ரிப்போர்ட் எதுவும் பாக்கி இருக்கிறதா, வந்தால் யார் சொல்வார்கள் என்று கேட்டு, அந்தப் பெயரையும் எண்ணையும் அதே தாளில் எழுதி வாங்குங்கள். தாளைப் போட்டோ எடுத்து வையுங்கள். அசல் எப்போது தொலையும் என்று சொல்ல முடியாது.

என் கதை ஒன்றும் இருக்கிறது, எனக்குப் பெருமை தராத கதை. சிறுநீரகக் கல்லுக்கு ஆபரேஷன் செய்துகொண்டு ஒருவர் வந்தார். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே தேவையில்லை. சிறுநீர்க் குழாயில் டி.ஜே. ஸ்டென்ட் என்று ஒரு மெல்லிய குழாயை வைத்து அனுப்பியிருந்தார்கள். தற்காலிகமாக வைப்பது அது, சில வாரங்களில், மிஞ்சினால் மூன்று மாதத்துக்குள் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அதன் மேலேயே உப்புப் படிந்து கல்லாகிவிடும். சம்மரி ஆறு பக்கம். கடைசிப் பக்கத்தில் மாத்திரைப் பட்டியலும் 'நலமுடன் அனுப்பப்படுகிறார்' என்ற வரியும் இருந்தன. நான் அந்தப் பக்கத்தை மட்டும் பார்த்தேன். ஸ்டென்ட் விஷயம் நாலாம் பக்கத்தில், ஆபரேஷன் விவரத்துக்கு நடுவே ஒரே ஒரு வரியாக இருந்தது. எடுக்க வேண்டிய தேதி எங்கேயும் இல்லை. ஒரு வருடத்துக்கு மேல் கழித்து, எரிச்சல், ரத்தம் என்று வந்து எக்ஸ்ரே எடுத்தபோதுதான் பார்த்தோம், ஸ்டென்ட் முழுக்கச் சுண்ணாம்பு பூசியதுபோல. ஒரே தடவையில் எடுத்திருக்க வேண்டியதற்கு மூன்று தடவை மயக்க மருந்து. நாலாம் பக்கத்தில் ஒளித்து வைத்தது அவர்கள் தப்பு, நாலாம் பக்கத்தைப் புரட்டாதது என் தப்பு. எனக்கு அந்த மனிதர் முகம் இன்னும் மறக்கவில்லை.

அதனால்தான் எப்போதும் கேட்கிறேன், சம்மரியின் முதல் பக்கத்திலேயே 'குடும்ப மருத்துவர் செய்ய வேண்டியது' என்று ஒரு பெட்டி போடுங்கள். உடம்புக்குள் எதையாவது வைத்து அனுப்பினால், மண்ணீரலை எடுத்துவிட்டு அனுப்பினால் (எந்தத் தடுப்பூசி போட்டாயிற்று, எது பாக்கி என்று எனக்குத் தெரிய வேண்டாமா), அது அந்தப் பெட்டிக்குள் இருக்கட்டும்.

கேள்வி: முப்பது வருடமாக கிளினிக் நடத்துகிறேன். நான் அனுப்புகிற நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போனால் போனவர்தான், ஒரு வரி பதில் கடிதம்கூட வருவதில்லை. நாங்கள் என்ன வழிகாட்டிப் பலகையா?

பதில்: கோபம் நியாயம். ஆனால் சார், ஒரு சந்தேகம். நீங்கள் அனுப்பும் பரிந்துரைக் கடிதத்தில் என்ன எழுதுகிறீர்கள்? ஓர் ஆஸ்பத்திரி ஓ.பி.-யில் கொஞ்ச காலம் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், 'வயிற்று வலி, ஆவன செய்யவும்' என்று மட்டும் எழுதிய சீட்டுகளைக் கட்டுக் கட்டாகப் பார்த்திருக்கிறேன். என்ன மருந்து சாப்பிடுகிறார், எது ஒத்துக்கொள்ளாது, நீங்கள் எதைச் சந்தேகிக்கிறீர்கள், உங்கள் கேள்வி என்ன, ஒன்றும் இருக்காது. கேள்வியே இல்லாத கடிதத்துக்குப் பதில் எப்படி வரும்? 'பித்தப்பைக் கல் தெரிகிறது, ஆபரேஷன் தேவையா, இல்லை பொறுக்கலாமா என்று சொல்லுங்கள், பிறகு நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று எழுதிப் பாருங்கள். கடைசிச் சொற்கள் முக்கியம், அந்த நோயாளிக்கு ஒரு டாக்டர் இருக்கிறார் என்பது அங்கே இருப்பவருக்கு அப்போதுதான் உறைக்கும். இருபது கடிதம் அப்படி எழுதியும் ஒன்றும் வரவில்லை என்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள், சேர்ந்து திட்டுவோம்.

கேள்வி: கொழுப்புப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வரத் தேவையில்லை என்று ஆஸ்பத்திரி லேப் அறிவித்திருக்கிறது. எங்கள் டாக்டர் வெறும் வயிறுதான் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: லேப் பேச்சை. ஐரோப்பிய நிபுணர் அமைப்புகள் 2016-லேயே சேர்ந்து சொல்லிவிட்டன, வழக்கமான சோதனைக்குப் பட்டினி வேண்டாம் என்று. ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு 440-க்கு (டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்) மேல் வந்தால் மட்டும் வெறும் வயிற்றில் இன்னொரு தடவை பார்க்கலாம். உங்கள் டாக்டருக்கு அந்த அறிவிப்பு போய்ச் சேரவில்லைபோல. இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்.

கேள்வி: எங்கள் பகுதி டாக்டர்களுக்கு ஆஸ்பத்திரி ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறது. எல்லா அறிவிப்பும் அதில்தான். காலை வணக்கம், பூங்கொத்து, நடுவில் முக்கியமான செய்தி. சில சமயம் நோயாளியின் ரிப்போர்ட்டையே பெயரோடு போட்டுவிடுகிறார்கள். இது சரியா?

பதில்: கடைசியாகச் சொன்னது சரியே இல்லை. நோயாளி தன் ரகசியத்தை ஒரு டாக்டரிடம் சொன்னார், அறுபது பேரிடம் சொல்லவில்லை. அடுத்த தடவை யாராவது போட்டால் குழுவிலேயே சொல்லுங்கள், நாசூக்கெல்லாம் வேண்டாம்.

அறிவிப்புக்கு வாட்ஸ்அப் வேகமானது, ஒத்துக்கொள்கிறேன், 'இன்று சி.டி. மெஷின் பழுது' என்பதற்கு அதைவிட நல்ல வழி இல்லை. சிக்கல் என்னவென்றால் அதில் எழுதியது ஆற்றில் எழுதியதுபோல ஓடிவிடும், இல்லாவிட்டால் போன வருடத்துச் செய்தி தேதியில்லாமல் திரும்பி வந்து, எப்போதோ வேலையை விட்டுப்போன டாக்டரிடம் நோயாளியை அனுப்ப வைக்கும். அவசரச் செய்தி குழுவில் வரட்டும், நிலையான செய்தி ஒரே இடத்தில் இருக்கட்டும். நியூசிலாந்தின் கேன்டர்பரி பகுதியில் 2008-ல் இதை ஒழுங்காகச் செய்தார்கள். ஆஸ்பத்திரி நிபுணர்களும் குடும்ப மருத்துவர்களும் ஒன்றாக உட்கார்ந்து, இந்த நோய்க்கு நீங்கள் எதுவரை பார்ப்பது, எந்தக் கட்டத்தில் எங்களிடம் அனுப்புவது, அனுப்பும் முன் என்ன டெஸ்ட் என்று ஒவ்வொன்றாகப் பேசி முடிவுசெய்து, ஒரே இணையதளத்தில் போட்டார்கள். ஏதாவது மாறினால் அங்கேயே மாறும். பிறகு வேறு நாடுகளிலும் அதை எடுத்துக்கொண்டார்கள். இதில் எனக்குப் பிடித்தது இணையதளம் இல்லை, அந்த ஒன்றாக உட்கார்ந்தது.

கேள்வி: ஆஸ்பத்திரி அலுவலகத்தில் இருக்கிறேன், பெயர் வேண்டாம். எங்கள் தோல் நோய்ப் பிரிவில் டாக்டர் இல்லாமல் இரண்டு மாதம் ஓ.பி. கிடையாது. வெளியே தெரிந்தால் கெட்ட பெயர் என்று மேலிடம் சொல்கிறது. கிளினிக்குகளுக்குத் தெரிவிக்க வேண்டாமாம். நான் என்ன செய்ய?

பதில்: உங்கள் மேலிடத்திடம் இதைச் சொல்லிப் பாருங்கள்: கெட்ட பெயர் எப்படியும் வரத்தான் போகிறது, நீங்கள் சொல்லாவிட்டால் நாளுக்கு நாற்பது பேர் வீதம் நேரில் வந்து பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுப் போய்ச் சொல்வார்கள். திறப்பு விழா அழைப்பு வராமல் போனால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. மூடிய செய்தி வராமல் போனால், நாளுக்கு நாள் நிறம் மாறிப் பெரிதாகிற மச்சத்தோடு வந்தவரை உங்களிடம் அனுப்பிவிட்டு, அவர் டாக்டரைப் பார்த்திருப்பார் என்று நான் நிம்மதியாக இருப்பேன். அவரோ கதவு பூட்டியிருந்ததால் திரும்பிப் போய், 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விட்டிருப்பார். அந்த இரண்டு மாதம் அவருக்குச் சின்ன விஷயம் இல்லை.

மூன்று வரி போதும். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை கிடையாது, அவசரம் என்றால் அதுவரை எங்கே அனுப்புவது, ஏற்கெனவே தேதி கொடுத்தவர்களுக்கு யார் போன் செய்வார்கள். காரணம்கூட எழுத வேண்டாம், யாரும் கேட்கப்போவதில்லை. மேலிடம் அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், கிளினிக்கிலிருந்து யாராவது கூப்பிட்டு 'தோல் டாக்டர் இருக்காரா' என்று கேட்கும்போது போனை எடுப்பவர் 'இல்லை' என்று உண்மையைச் சொல்வதையாவது தடுக்காமல் இருக்கச் சொல்லுங்கள்.